கையெழுத்து எங்கே விழுந்தது?

கையெழுத்திடுவதைச் சொல்லும் சைன் என்ற சொல்லுக்கு மாற்றுச்சொல் வேண்டும் என்று எந்த ஆங்கில அகராதித் தளத்தைக் கேட்டாலும், ஒரு நீண்ட வரிசையைக் கொட்டிவிடும். இனிஷியல், எண்டார்ஸ், சப்ஸ்க்ரைப், அண்டர்ரைட், கவுண்டர்சைன், அட்டெஸ்ட், ராட்டிஃபை, அப்ரூவ், சாங்ஷன், ஆத்தரைஸ், ஓகே. கூடவே எழுதுவதற்கான சொற்களும் வந்து நிற்கும்: பென், ஜாட், ஸ்க்ரிபிள், இன்ஸ்க்ரைப். எல்லாம் ஒரே குடும்பம், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்பது போல.

ஒப்பந்தங்களையும் கூட்டக் குறிப்புகளையும் தமிழாக்குவது என் பிழைப்பு. கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் அடிக்கடி கேட்பார்: "ஏன் சார், எல்லாத்துக்கும் 'கையெழுத்திட்டார்'னே போட்டுட்டுப் போகலாமே? படிக்கிறவங்களுக்குப் புரியப்போகுது." புரியும்தான். ஆனால் நாளைக்கு நஷ்டம் வந்தால் யார் பணம் கட்டுவது என்ற கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்காது. இந்தச் சொற்களை ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பதே அதுதான். காகிதத்தில் பேனா எந்த இடத்தில் பட்டது, பட்டதால் யார் தலையில் என்ன ஏறியது என்பதை ஒவ்வொரு சொல்லும் தனக்குள் வைத்திருக்கிறது. பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852இல் தன் சொற்களஞ்சியத்தை வெளியிட்டபோது, எழுதுவதை ஒரு தலைப்பிலும் இசைவை வேறொரு தலைப்பிலும் மெச்சுவதை இன்னொன்றிலுமாகத் தள்ளித் தள்ளித்தான் வைத்தார். இன்றைய தளங்கள்தாம் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிட்டன.

முதலில் எழுதுவது. ரைட் என்ற வினைக்குப் பழைய ஆங்கிலத்தில் கீறுவது என்றுதான் பொருள். மரத்திலும் எலும்பிலும் கல்லிலும் ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்துகளைக் கீறிய காலத்துச் சொல் அது. ஜெர்மனில் அதன் உறவுச்சொல்லான ரைஸனுக்கு இன்றும் கிழிப்பது என்று அர்த்தம். லத்தீன் மொழி மையையும் தோலையும் கொண்டு வந்தபோது ஜெர்மனும் டச்சும் லத்தீனின் ஸ்க்ரீபெரேயை எடுத்துக்கொண்டன. ஆங்கிலம் தன் பழைய கீறலையே வைத்துக்கொண்டது. ஸ்க்ரீபெரே ஆங்கிலத்துக்குள் வராமல் இல்லை. வந்தது, ஆனால் ஷ்ரைவ் என்ற உருவத்தில், பாவமன்னிப்புக் கேட்டு வந்தவருக்குப் பாதிரியார் பரிகாரம் விதிப்பதைக் குறிக்க! எழுதும் வேலைக்கு வந்த சொல் கோயில் வேலைக்குப் போய்விட்டது. பிற்பாடு அதே லத்தீன் வேர் பிரெஞ்சு வழியாகவும் நேராகவும் டிஸ்க்ரைப், ப்ரிஸ்க்ரைப், இன்ஸ்க்ரைப் என்று கூட்டமாகத் திரும்பி வந்தது.

சின்ன எழுத்துகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜாட் என்பது கிரேக்க எழுத்துகளிலேயே மிகச் சிறியதான அயோட்டாவிலிருந்து வந்தது, அதனால் ஓரிரு வரிக் குறிப்புக்குத்தான் பொருந்தும். ஸ்க்ராலும் ஸ்க்ரிபிளும் கிறுக்கல். பென் என்பதை வினையாகப் போட்டால் கொஞ்சம் இலக்கிய மிடுக்கு, அவ்வளவுதான்.

ஆனால் எங்ராஸ் என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் எழுதுவதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. இன்று அதற்கு ஒன்றில் மூழ்கிப்போவது என்று பொருள். சட்ட அலுவலகங்களில் இன்னும் பழைய பொருள் உயிரோடு இருக்கிறது: திருத்தமெல்லாம் முடிந்த ஆவணத்தைக் கையெழுத்துக்காகப் பெரிய, தெளிவான எழுத்தில் படியெடுப்பது. 1776 ஜூலையில் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை முதலில் அச்சடித்துத்தான் பரப்பினார்கள். அப்புறம்தான் அதைத் தோலில் எங்ராஸ் செய்யச் சொன்னது காங்கிரஸ். பெரும்பாலான உறுப்பினர்கள் அதில் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2ஆம் தேதி. ஜூலை 4 என்று அமெரிக்கர்கள் கொண்டாடும் நாள், ஏற்றுக்கொண்ட நாள். ஏற்றதற்கும் எழுதியதற்கும் ஒப்பமிட்டதற்கும் தனித்தனித் தேதி. அன்று தலைமை வகித்த ஜான் ஹான்காக் மற்ற எல்லாரையும்விடப் பெரிதாகப் போட்ட கையெழுத்தால், அமெரிக்கப் பேச்சுவழக்கில் கையெழுத்துக்கே அவர் பெயர் வந்துவிட்டது. "இங்கே உன் ஜான் ஹான்காக்கைப் போடு" என்பார்கள். பிரிட்டிஷ் அரசர் மூக்குக்கண்ணாடி இல்லாமலே படிக்கட்டும் என்று அவர் சொன்னதாக உலவுவது கட்டுக்கதை.

இண்டைட் என்றால் எழுத்தில் இயற்றுவது. வேறு எழுத்துக்கூட்டில், அதே உச்சரிப்பில், குற்றம் சாட்டுவது. வேர் ஒன்றேதான். யாராவது ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எங்கே போய் முடியும் என்று பழைய ஆங்கிலேயர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, சைனுக்கு வருவோம். இந்தச் சொல்லில் பெயர் எழுதுவது என்ற எண்ணமே முதலில் கிடையாது. லத்தீனில் சிக்னும் என்றால் அடையாளம். பழைய ஆங்கிலத்தில் அதிலிருந்து வந்த வினைக்குச் சிலுவைக் குறி இடுவது என்று பொருள். ஆங்கிலோ-சாக்ஸன் காலத்து நிலப் பட்டயங்களின் அடியில் சாட்சிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிலுவை. பெரும்பாலும் பெயரையும் சிலுவையையும் எழுத்தரே எழுதிவிடுவார். சாட்சி சொல்பவர் அங்கே இருந்தார், ஒப்புக்கொண்டார் என்பதே போதுமாயிருந்தது. கையெழுத்தின் அழகு யாருக்கும் பொருட்டில்லை.

பெரிய மனிதர்கள் முத்திரை குத்தினார்கள். முத்திரையைக் குறிக்கும் சீல் என்ற சொல்லும் சிக்னும் போட்ட குட்டிதான்: சிகில்லும், சிறு அடையாளம். 1215இல் ரன்னிமீட் புல்வெளியில் ஜான் மன்னர், அரச அதிகாரத்துக்கு வரம்பு வைத்த மாக்னா கார்ட்டா பட்டயத்தில் கையெழுத்துப் போட்டார் என்று பாடப்புத்தகங்கள் எழுதுகின்றன. அவர் போடவில்லை. மெழுகில் அரச முத்திரைதான் பதிந்தது. 800ஆம் ஆண்டு நினைவாக 2015இல் பிரிட்டன் வெளியிட்ட 2 பவுண்டு நாணயத்தில் மன்னர் கையில் இறகுப் பேனாவைக் கொடுத்துவிட்டார்கள், வரலாற்றுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். சட்ட ஆவணம் என்றாலே ஒருவர் குனிந்து பேனா பிடிக்கும் காட்சிதான் நம் மனதில் வருகிறது. அந்தக் காட்சி பிற்காலத்தது.

சிலுவையும் போய்விடவில்லை. 1753இல் இங்கிலாந்தில் வந்த திருமணச் சட்டத்தின்படி மணமக்கள் இருவரும் பதிவேட்டில் கையெழுத்தோ குறியோ இட வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் பெருக்கல் குறி போல ஒன்றைப் போட்டார்கள். அந்தப் பதிவேடுகளைப் பிற்கால ஆய்வாளர்கள் எழுத்தறிவை அளக்கும் கோலாக எடுத்துக்கொண்டார்கள். 1840களின் தொடக்கத்தில்கூட மணமகன்களில் மூன்றில் ஒருவரும் மணமகள்களில் ஏறத்தாழ பாதிப் பேரும் குறிதான் இட்டார்கள். குறி இட்டாலும் கல்யாணம் கல்யாணம்தான். எழுதத் தெரியாததால் சட்டம் யாரையும் விட்டுவிடவில்லை.

ஆங்கிலத்தில் கை என்பதைக் குறிக்கும் ஹேண்ட், எழுத்தின் சாயலுக்கும் கையொப்பத்துக்கும் சேர்த்தே வழங்குகிறது. "இதற்குச் சாட்சியாக என் கையை வைக்கிறேன்" என்பது அவர்கள் பத்திரங்களின் முடிவுரை. நமக்கும் கையெழுத்து என்றால் இரண்டும்தான். நம் கல்வெட்டுகளில் ஒப்பமிட்டவர்கள் "இவை என் எழுத்து" என்று முடிப்பதும் இதே வாசனை.

கை படாமலே சைன் ஆவதும் இப்போது நடக்கிறது. 2011 மே மாதம் பராக் ஒபாமா பிரான்சில் இருந்தபோது, காலாவதியாகவிருந்த ஒரு பாதுகாப்புச் சட்டத்தின் நீட்டிப்பில் வாஷிங்டனில் இருந்த ஆட்டோபென் இயந்திரம் அவர் கையெழுத்தைப் போட்டது. இயந்திரத்துக்கு உத்தரவு கொடுத்தவர் அவர், ஆகவே கையெழுத்து அவருடையது.

இனி எனக்குப் பிடித்த பகுதி. சப்ஸ்க்ரைப் என்பதும் அண்டர்ரைட் என்பதும் ஒன்றே. முன்னது லத்தீன், கீழே எழுது. பின்னது அதையே அப்படியே ஆங்கிலமாக்கியது, கீழே எழுது. அடியில் பெயர் எழுதுவதுதான் இரண்டுக்கும் தொழில். ஒன்று எங்கே போனது, இன்னொன்று எங்கே போனது என்று பாருங்கள்.

சப்ஸ்க்ரைப் முதலில் உறுதிமொழிகளுக்கும் மதக் கொள்கைகளுக்கும் அடியில் பெயர் எழுதுவதாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் அச்சுக்கூலிக்குப் பணமில்லாத நூலாசிரியர்கள் ஒரு தாளை நீட்டி, "நூல் வந்தால் வாங்கிக்கொள்கிறேன்" என்று பெயர் எழுதச் சொன்னார்கள். சந்தாதாரர் அங்கே பிறந்தார். அங்கிருந்து பத்திரிகைச் சந்தா, தொலைபேசிச் சந்தா என்று தேய்ந்து தேய்ந்து, இன்று யூடியூபில் "சப்ஸ்க்ரைப் பண்ணுங்க, பெல் ஐகானையும் அழுத்துங்க" என்று வந்து நிற்கிறது. கீழே எழுத ஒன்றும் இல்லை, தலை கொடுக்கவும் ஒன்றும் இல்லை. ஒரு கருத்தை ஏற்கவில்லை என்பதற்கு "நான் அதற்குச் சப்ஸ்க்ரைப் செய்யவில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது மட்டும் பழைய கனம் கொஞ்சம் தெரிகிறது.

அண்டர்ரைட்டின் கதை வேறு. 1680களில் லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவர் ஒரு காபிக் கடை நடத்தினார். கப்பல்காரர்களும் வணிகர்களும் கூடும் இடம். கப்பலுக்குக் காப்புறுதி தேடுபவர்கள் இன்ன கப்பல், இன்ன சரக்கு, இங்கிருந்து அங்கே என்று எழுதிய தாளை அங்கே மேசை மேசையாகக் கொண்டு போவார்கள். ஆபத்தில் பங்கு எடுக்கத் தயாராக இருப்பவர் அந்த விவரத்துக்குக் கீழே தன் பெயரையும் தான் ஏற்கும் தொகையையும் எழுதுவார். அடுத்த மேசையில் இன்னொருவர் அவருக்குக் கீழே. முழுத் தொகையும் நிரம்பும்வரை தாள் சுற்றும். கப்பல் வந்து சேர்ந்தால் பிரீமியம் லாபம். முழுகினால் ஒவ்வொருவரும் தாம் எழுதிய பங்குக்குத் தம் சொத்திலிருந்து கொடுக்க வேண்டும். அவரவர் பங்கு அவரவருக்கு, ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில்லை என்பது அங்கே விதி. அந்தத் தாளுக்கு ஸ்லிப் என்று பெயர், எடுத்த பங்குக்கு லைன். இந்தச் சொற்கள் லாயிட்ஸ் காப்புறுதிச் சந்தையில் இன்றும் புழங்குகின்றன.

இதில் என்னை உலுக்கும் விஷயம், பணம் போட்ட தனிநபர்களை அங்கே அழைத்த விதம். நேம்ஸ், அதாவது பெயர்கள். முதலீட்டாளர் என்றோ பங்குதாரர் என்றோ சொல்லவில்லை, வெறும் பெயர். அந்தக் காலத்தில் அவர்கள் பொறுப்புக்கு வரம்பு கிடையாது. 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) நோய் இழப்பீடுகளும் பெரும் பேரிடர்களும் ஒன்றாக வந்து விழுந்தபோது, அந்தப் பெயர்கள் பலர் வீடு வாசலை இழந்தார்கள். கீழே எழுதுவது என்ற ஒரே செயலின் ஒரு கிளை பெல் ஐகானுக்கும் இன்னொரு கிளை இங்கேயும் வந்திருக்கிறது.

எண்டார்ஸ் காகிதத்தின் முதுகில் எழுதுவது. லத்தீனில் டார்சும் என்றால் முதுகு. உண்டியல் என்ற வணிகப் பணச்சீட்டையோ காசோலையையோ இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பவர் பின்பக்கம் கையெழுத்திடுவார். அப்படி இட்டவர் வழக்கமாகப் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. பணம் கொடுக்க வேண்டியவர் தரத் தவறினால் முதுகில் எழுதியவரிடம் வருவார்கள். பணம் கொடுக்க வேண்டியவரோ உண்டியலின் முகத்தில், குறுக்கே, ஏற்றேன் என்று எழுதுவார். ஆக முகத்தில் எழுதினால் ஏற்பு, முதுகில் எழுதினால் மாற்று, அடியில் எழுதினால் ஆபத்தில் பங்கு. விளம்பரத்தில் ஒரு நடிகர் சோப்பை எண்டார்ஸ் செய்கிறார் என்னும்போது இந்தப் பொறுப்பெல்லாம் ஆவியாகிவிடுகிறது. பிரிட்டனில் ஓட்டுநர் உரிமத்தில் எண்டார்ஸ்மெண்ட் விழுந்தது என்றால் பாராட்டில்லை, வேகமாகப் போய் மாட்டிக்கொண்டதற்கான தண்டனைப் பதிவு. தெரியாதவர்கள் வாழ்த்துச் சொல்லிவிடக் கூடும்.

கவுண்டர்சைன், அட்டெஸ்ட் இரண்டையும் தமிழ் நன்றாகவே பிரித்து வைத்திருக்கிறது: மேலொப்பம், சான்றொப்பம். மேலொப்பம் இடுபவருக்குக் காரியத்தில் பங்கு உண்டு. சான்றொப்பம் இடுபவர் வெறும் சாட்சி. ஆவணத்தில் எழுதியிருப்பது நல்லதா கெட்டதா என்பது அவர் கவலை இல்லை. வழக்கறிஞர்கள் ஓர் ஆவணத்தை எக்ஸிக்யூட் செய்தாயிற்று என்பார்கள். முதல் தடவை கேட்பவர் திடுக்கிடுவார். கையெழுத்து, சாட்சி எல்லாம் முடித்து அதைச் செல்லுபடியாக்கிவிட்டார்கள் என்பதுதான் விஷயம், யாரையும் தூக்கில் போடவில்லை.

ஒப்புதல் பக்கம் போனால் சொற்கள் இன்னும் வழுக்கும். சாங்ஷன் என்றால் அனுமதி, சாங்ஷன் என்றால் தடை. கடன் சாங்ஷன் ஆனது நல்ல செய்தி, நாட்டின் மேல் சாங்ஷன் விழுந்தது கெட்ட செய்தி. சட்டத்தின் பலத்தோடு விதித்தல் என்ற ஒரே வேரிலிருந்து இரண்டும் வந்தன. விதி அனுமதிக்கவும் செய்யும், மீறினால் அடிக்கவும் செய்யும். அப்ரூவ் இன்னும் வேடிக்கை. நம் செய்தித்தாள்களில் கொலை வழக்கில் ஒருவர் "அப்ரூவராக மாறினார்" என்று வருகிறதே, அவர் எதையும் அங்கீகரிக்கவில்லை. அப்ரூவ் என்பதற்கு நிரூபிப்பது என்ற பழைய பொருள் உண்டு. இடைக்கால இங்கிலாந்தில் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு கூட்டாளிகளின் குற்றத்தை நிரூபிக்க முன்வந்தவனே அப்ரூவர்.

இனிஷியல், சைன், ராட்டிஃபை மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதுதான் செய்திகளில் நான் அடிக்கடி காணும் தவறு. நாடுகளுக்கிடையே இவை மூன்று படிகள்: வாசகத்தை முடிவாக்குவது, ஒப்பமிடுவது, பிறகு நாடு அதை முறைப்படி உறுதிசெய்வது. 1995 நவம்பர் 21ஆம் தேதி அமெரிக்காவின் டேட்டனில் போஸ்னியப் போரை முடிக்கும் உடன்பாட்டில் தலைவர்கள் முதலெழுத்து மட்டும் இட்டார்கள், வாசகம் இதுதான், இனி மாற்றக் கூடாது என்பதற்காக. முழுக் கையெழுத்து டிசம்பர் 14ஆம் தேதி பாரிஸில்தான் விழுந்தது. கையெழுத்துக்கு அப்புறமும் கதவு அடைபடுவதில்லை. 1919 ஜூன் 28ஆம் தேதி முதல் உலகப் போரை முடித்த வெர்சாய் உடன்படிக்கையில் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் தாமே ஒப்பமிட்டார். அமெரிக்க செனட் அந்த நவம்பரிலும் அடுத்த மார்ச்சிலும் அதை நிராகரித்தது. அந்த உடன்படிக்கை அமைத்த லீக் ஆஃப் நேஷன்ஸ் என்ற உலகச் சங்கத்தைக் கனவு கண்டவரின் நாடு அதில் சேரவே இல்லை, ஜெர்மனியோடு 1921இல் தனியாகச் சமாதானம் செய்துகொண்டது. அதற்காகக் கையெழுத்து வெறும் மையும் ஆகிவிடாது. ராட்டிஃபை செய்யாவிட்டாலும், செய்யப்போவதில்லை என்று தெளிவாகச் சொல்லும்வரை, கையெழுத்திட்ட நாடு உடன்படிக்கையின் நோக்கத்தையே கெடுக்கும்படி நடக்கக் கூடாது என்கிறது உடன்படிக்கைகளுக்கான விதிகளைச் சொல்லும் 1969ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம்.

அசெண்ட் என்ற சொல்லுக்கு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வைத்திருக்கும் சடங்கு அழகானது. இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதா சடங்கு முறையில் அரசரின் இசைவைப் பெறும்போது, எழுத்தர் நார்மன் பிரெஞ்சில் அறிவிப்பார்: அரசர் விரும்புகிறார். அரசரோ அரசியோ நேரில் வந்து இசைவு கொடுத்தது கடைசியாக 1854இல், விக்டோரியா. மறுப்பதற்கும் வாசகம் இருக்கிறது, ஆனால் அதில் மறுப்பு என்ற சொல்லே கிடையாது: அரசர் யோசித்துப் பார்ப்பார். கடைசியாக இசைவு மறுத்தவர் ஆன் அரசி, 1708இல், ஸ்காட்லாந்துப் படை மசோதாவுக்கு. முந்நூறு வருடத்துக்கும் மேலாக யாரும் யோசித்துப் பார்க்கவில்லை!

கத்தோலிக்கத் திருச்சபையின் நூல் தணிக்கையில் இரண்டு அனுமதி உண்டு. தடையேதும் இல்லை என்பது நிஹில் ஒப்ஸ்டாட், படித்துப் பார்த்தவர் கொடுப்பது. அச்சிடலாம் என்பது இம்ப்ரிமாட்டுர், அதிகாரத்தில் இருப்பவர் கொடுப்பது. இங்கிலாந்தில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கும் தன் நூல்களுக்கு இம்ப்ரிமாட்டுர் கொடுக்கும் உரிமை இருந்தது. 1687இல் வந்த நியூட்டனின் பிரின்சிப்பியாவின் முகப்புப் பக்கத்தில் அந்த அனுமதி சாமுவேல் பீப்ஸ் பெயரில் இருக்கிறது. கடற்படை நிர்வாகி, அப்போது சொசைட்டியின் தலைவர். தன் சொந்த நாட்குறிப்பை யாரும் எளிதில் படிக்க முடியாதபடி சுருக்கெழுத்தில் எழுதி வைத்தவர், இன்னொருவர் புத்தகத்தை உலகம் படிக்கலாம் என்று ஒப்பமளித்திருக்கிறார். கணக்கு சரியா என்பதற்கு அந்த ஒப்பம் பொறுப்பல்ல. எத்தனையோ அலுவலகக் கோப்புகளில் நான் பார்க்கும் அப்ரூவ்டுகளும் இந்த வகைதான். தடையில்லை என்கிறார்களா, நன்றாக இருக்கிறது என்கிறார்களா என்று கேட்டால் பதில் வராது.

கடைசியாக ஓகே. 1839 மார்ச் 23ஆம் தேதி பாஸ்டன் மார்னிங் போஸ்ட் பத்திரிகையில் ஓ, கே என்ற எழுத்துகளில் தொடங்கும்படி வேண்டுமென்றே தப்பாக எழுதிய "ஆல் கரெக்ட்" என்பதன் சுருக்கமாக, ஒரு கேலியாகத்தான் அது அச்சேறியது. மறுவருடத் தேர்தலில் அமெரிக்க அதிபர் மார்ட்டின் வான் ப்யூரன் ஆதரவாளர்கள் அவருடைய ஊர்ப்பெயரை வைத்து வந்த "ஓல்ட் கிண்டர்ஹுக்" என்ற பட்டப்பெயரோடு சேர்த்து அதை முழக்கமாக்கி நிலைக்க வைத்தார்கள். பார்த்தேன், கிடைத்தது, புரிந்தது, சம்மதம், மேலே போ என்று ஐந்து பொருளையும் ஒரே மூச்சில் சொல்லும் சொல் இது. ஒப்பந்தத் தமிழாக்கத்தில் எனக்கு வரும் தலைவலிகளில் இதுவே பெரியது. ஒரு மின்னஞ்சலில் ஓகே என்று மட்டும் இருந்தால் முன்னும் பின்னும் உள்ள பத்து மின்னஞ்சல்களைப் படித்துத்தான் தமிழில் ஒரு சொல் எழுத முடியும்.

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் நீதிமன்றமே அந்த வேலையைச் செய்ய வேண்டி வந்தது. 2021இல் ஒரு தானியக் கொள்முதல் நிறுவனம் ஆளிவிதை வாங்கும் ஒப்பந்தத்தில் தன் பக்கம் கையெழுத்திட்டு, அதைப் படமெடுத்து, "ஒப்பந்தத்தை உறுதிசெய்யவும்" என்று ஒரு விவசாயியின் கைபேசிக்கு அனுப்பியது. அவர் கட்டைவிரலை உயர்த்தும் எமோஜி ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினார். விலை ஏறியது, ஆளிவிதை வரவில்லை. ஒப்பந்தம் கைக்கு வந்தது என்பதைத்தான் அந்த விரல் சொன்னது, சம்மதத்தைச் சொல்லவில்லை என்பது விவசாயியின் வாதம். முந்தைய ஒப்பந்தங்களுக்கெல்லாம் அவர் "ஓகே", "நல்லாருக்கு", "யெப்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டுவிட்டுச் சரக்கையும் ஒழுங்காக அனுப்பியிருந்தார் என்பதை நீதிபதி கவனித்தார். 2023இல் தீர்ப்பு வந்தது: கையெழுத்து என்பது ஆள் யார் என்பதையும் அவர் ஒப்புக்கொண்டதையும் காட்ட வேண்டும், அவருடைய கைபேசி எண்ணிலிருந்து வந்த அந்த விரல் இரண்டையும் காட்டுகிறது. 82,000 கனடிய டாலருக்கும் மேல் இழப்பீடு. அடுத்த வருடம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.